வெள்ளைக்காரன் பாடம் என்று தள்ளிவிடலாமா?

அரசியலைப் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாது, மேடையில் கேட்கலாம், பத்திரிகையில் வாசிக்கலாம், தெருவில் இறங்கித்தான் கற்றுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதற்குத் துணையாக ஒரு வரலாறும் சொல்லப்படுகிறது. 1930களிலிருந்து 1960கள் வரை நம் கல்லூரிகளில் ‘பாலிடிக்ஸ்’ என்று நடத்தியதெல்லாம் வெள்ளைக்காரன் பாடமாம். அரிஸ்டாட்டில், ஹாப்ஸ், இங்கிலாந்துப் பாராளுமன்றம் என்று உருப்போட்டவன் ஆபீஸ் நாற்காலியில் போய் உட்கார்ந்தானாம். அதே காலத்தில் தமிழனுக்கு நிஜ அரசியலைக் கற்றுக்கொடுத்தவர்கள் எல்லாரும் வகுப்பறைக்கு வெளியே இருந்தார்களாம். ஆகவே அரசியல் அறிவியல் படிக்க இன்று ஆள் சேரவில்லை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை, துறையையே மூடினாலும் நட்டமில்லை என்று முடிக்கிறார்கள்.

ஜீவனஹள்ளியிலும் அடுத்துள்ள காக்ஸ் டவுனிலும் நான் பழகும் தமிழர்கள் பலர் இதைச் சொல்கிறார்கள். கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை. இயக்கத்தின் மேல் உள்ள பற்றினால், பெரியவர்களின் மேல் உள்ள மரியாதையினால் சொல்கிறார்கள். அந்தப் பற்று எனக்கும் உண்டு. ஆனால் அதன் பேரில் சொல்லப்படும் வரலாறு பிழையானது. பிழையோடு நின்றிருந்தால் விட்டுவிடலாம். அது இன்றைய பிள்ளைகளிடமிருந்து ஒரு கருவியைப் பிடுங்குகிறது. அதனால்தான் இந்த மறுப்பு.

மேடையிலிருந்தே தொடங்குவோம். மேடை என்றதும் முதலில் வரும் பெயர் அண்ணா. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை. பச்சையப்பன் கல்லூரியில் 1934இல் பட்டம் பெற்று, பொருளாதாரமும் அரசியலும் பாடமாக எம்.ஏ. முடித்தவர். அவர் எழுதியவற்றில் ‘மக்கள் கரமும் மன்னன் சிரமும்’ என்று ஒன்று உண்டு. பாராளுமன்றத்தோடு மோதி 1649இல் தலையை இழந்த இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸின் கதை. அந்தக் கதை எந்தத் திண்ணையில் கிடைத்தது? வரி போடும் உரிமை மன்னனுக்கா மக்கள் பிரதிநிதிகளுக்கா, மன்னன் சட்டத்துக்கு மேலா கீழா என்ற வழக்குதான் அன்றைய கல்லூரிகளில் அரசியலமைப்பு வரலாறு என்று நடத்திய பாடத்தின் நடுப்பகுதி. வெள்ளைக்காரன் தன் பிள்ளைகளுக்காக எழுதிவைத்த பாடத்தை நம் பிள்ளைகளுக்கும் கொடுத்தான். நம்மவர் அதை எடுத்துத் தமிழில் எழுதி, அரசன் என்றால் கும்பிடப் பழகியிருந்த ஊர்களில் படிக்கக் கொடுத்தார். இதை வெள்ளைக்காரன் பாடத்தின் தோல்வி என்று எப்படிச் சொல்வது?

மேடைக்கும் வகுப்பறைக்கும் பகை என்பதே பின்னால் கட்டப்பட்ட கதை. அண்ணா பேசியதைக் கேட்டவர்களுக்கு அவர் படித்த புத்தகங்களின் பெயர் தெரிந்திருக்காது. தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. ஆனால் அவர் பேச்சின் அடுக்கைப் பாருங்கள். ஒரு அதிகாரம் எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எந்த எல்லைக்குள் கொடுத்தது, எல்லை மீறினால் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே போவார். திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்ட பிறகு மாநில சுயாட்சியைப் பிடித்துக்கொண்டபோது, கூட்டாட்சி பற்றிய தெளிவான அறிவு இல்லாமல் அந்த நகர்வைச் செய்திருக்க முடியுமா? உணர்ச்சி மட்டும் இருந்திருந்தால் கோரிக்கை போனதோடு அரசியலும் போயிருக்கும்.

அடுத்து, அந்தப் பாடம் அடிமைகளைத் தயாரித்தது என்ற குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பு அதிகம் நம்பும் வாதம் இதுதான். அந்த ஆண்டுகளில் நடந்ததை உடன்வைத்துப் பார்த்தால் அதிகம் நொறுங்குவதும் இதுதான்.

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குப் பொறுப்பாட்சி கொடுத்தது. அதாவது சட்டசபைக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அமைச்சரவை. அதே சட்டத்தின் 93ஆம் பிரிவு, ஆட்சி நடத்த முடியாத நிலை என்று கவர்னர் கருதினால் எல்லா அதிகாரத்தையும் அவரே எடுத்துக்கொள்ளலாம் என்றது. 1937இல் ராஜாஜி மதராஸ் மாகாணப் பிரதமரானார். 1939இல் இந்தியாவைக் கேட்காமல் இந்தியாவைப் போரில் இறக்கியதைக் கண்டித்துப் பதவி விலகினார். அன்று முதல் 1946 வரை மதராஸில் கவர்னர் ஆட்சிதான்.

அந்த ஆண்டுகளில் மதராஸ் பல்கலைக்கழகத்துக்குட்பட்ட கல்லூரி ஒன்றில் உட்கார்ந்திருந்த மாணவனை நினைத்துப் பாருங்கள். உள்ளே ஆசிரியர் சொல்கிறார்: சபையின் நம்பிக்கை இருக்கும்வரைதான் அமைச்சரவை, பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை, நிர்வாகம் சபைக்குப் பொறுப்பு. மணி அடித்ததும் அவன் வெளியே வருகிறான். வெளியே சபை கூடுவதில்லை, அமைச்சர் இல்லை, ஆலோசகர்களை வைத்துக்கொண்டு கவர்னர் ஆள்கிறார். இந்த மாணவனுக்குப் புத்தகமே குற்றப்பத்திரிகை. ஆள்பவனின் சொந்தக் கொள்கையை வைத்தே ஆள்பவனை அளக்க அவனால் முடிந்தது. ஆசிரியர் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. சொன்னால் அவர் வேலைக்கு ஆபத்து வந்திருக்கவும் கூடும். பாடத்தை ஒழுங்காக நடத்தினாலே போதுமாக இருந்தது.

நம் ஊரிலேயே இதைவிடக் கூர்மையான உதாரணம் உண்டு. இன்று கிழக்குப் பெங்களூர் என்று நாம் சொல்லும் பகுதியின் பெரும்பங்கு அன்று ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’. நம் பெரியவர்கள் வாயில் தண்டு. 1881இல் மைசூர் அரசை உடையார் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தபோது, ஆங்கிலேயர் தண்டை மட்டும் தங்கள் கையில் வைத்துக்கொண்டார்கள். அதே ஆண்டு மைசூர் திவான் ரங்காசார்லு (செங்கல்பட்டுக்காரர், நம்மவர்) பிரதிநிதி சபையைத் தொடங்கினார். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு, வரம்புகளோடுதான் என்றாலும், குறை சொல்ல ஒரு சபை கிடைத்தது. தண்டில் இருந்த தமிழர்களுக்கு அதுவும் இல்லை, மதராஸ் சட்டசபையும் இல்லை. அவர்களை ஆண்டவர் ரெசிடெண்ட், அதாவது ஆங்கிலேய அரசின் பிரதிநிதி. பிரேசர் டவுன் என்று நாம் இன்றும் சொல்வது ஒரு ரெசிடெண்டின் பெயரை. காக்ஸ் டவுன், தண்டின் கலெக்டராக இருந்த ஒருவரின் பெயர். 1947 ஜூலை 26 அன்றுதான் தண்டு மைசூரிடம் வந்தது. 1949இல்தான் நகரமும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின.

இந்தத் தண்டுப் பிள்ளைகள் படித்த புனித ஜோசப் கல்லூரி மதராஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. அங்கே பிரதிநிதித்துவ அரசாங்கம் பற்றிப் படித்தவனுக்குத் தன்னை ஆள்பவரைக் கேள்வி கேட்கச் சட்டசபை என்று ஒன்றுமில்லை என்பது உறைக்காமலா இருந்திருக்கும்? இல்லாததை இல்லை என்று அறிவதற்கே முதலில் அது என்னவென்று தெரிய வேண்டும். மீன் விற்றவரும் புகையிலைக் கம்பெனியில் வேலை பார்த்தவரும் அந்தக் குறையை உடம்பால் உணர்ந்திருப்பார்கள், மறுக்கவில்லை. குறைக்குப் பெயர் கொடுத்து, இது இன்ன விதிப்படி தவறு, இன்னாரிடம் கேட்க வேண்டும் என்று மனு எழுதத் தெரிந்தவன் வேண்டாமா?

93ஆம் பிரிவின் கதை அங்கே முடியவில்லை. அது சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் 356 என்று வேறு உடையில் வந்தது. 1949இல் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் இதை எதிர்த்துப் பேசினார். அம்பேத்கர், இது பயன்படுத்தப்படாமலே கிடக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். அந்த நம்பிக்கை பலிக்கவில்லை. 1976 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு கலைக்கப்பட்டது. 1989 ஏப்ரலில் இதே பெங்களூரில் எஸ். ஆர். பொம்மை, சட்டசபையில் பலத்தை நிரூபிக்கிறேன் என்று சொன்ன பிறகும் அவர் அரசு கலைக்கப்பட்டது. அவர் வழக்காடினார். 1994இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மை இருக்கிறதா இல்லையா என்பதைச் சோதிக்கும் இடம் ஆளுநர் மாளிகை அன்று, சட்டசபைதான் என்று தீர்ப்பளித்தது. இன்று ஒவ்வொரு மாநிலத்திலும் நம்பிக்கை வாக்கெடுப்பு நடக்கும்போது நாம் டிவி முன்னால் உட்கார்ந்து பார்ப்பது அந்தத் தீர்ப்பின் பயனை.

இதற்கு நடுவில் இன்னொரு கண்ணி உண்டு. 1969இல் தமிழ்நாடு அரசு மத்திய மாநில உறவுகளை ஆராய ஒரு குழு அமைத்தது. தலைவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி. வி. ராஜமன்னார். உறுப்பினர்களில் ஒருவர் ஆ. லட்சுமணசாமி முதலியார், 1942 முதல் 1969 வரை மதராஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். 1971இல் வந்த அறிக்கை 356, 357, 365 ஆகிய பிரிவுகளையே நீக்கச் சொன்னது. 1974இல் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானம் நிறைவேற்றியது. முரசொலி மாறன் ‘மாநில சுயாட்சி’ என்று தனிப் புத்தகமே எழுதினார். இந்த வரிசையில் மேடை எங்கே முடிகிறது, வகுப்பறை எங்கே தொடங்குகிறது என்று யாராவது கோடு போட்டுக் காட்டட்டும். கட்சி கோரிக்கையைக் கொடுத்தது. சட்டமும் அரசியலும் படித்தவர்கள் அதை வரிவரியாக, பிரிவு பிரிவாக, மறுக்க முடியாத வாதமாக்கினார்கள். 1940களில் 93ஐப் பாடமாகப் படித்த தலைமுறை அப்போது நடுவயதில் இருந்தது. 356ஐப் பார்த்ததும் அவர்களுக்கு அதன் பாட்டனாரைத் தெரிந்திருக்கும்.

இனி, பேராசிரியர்கள் எழுதவே இல்லை, எழுதியதும் மேல்நாட்டுச் சரக்கு என்ற குறை.

அ. அப்பாதுரை 1942இல் ‘தி சப்ஸ்டன்ஸ் ஆஃப் பாலிடிக்ஸ்’ வெளியிட்டார். சென்னையில் ஆசிரியராக இருந்தவர். தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்ட பாடநூல் அது. என்னிடம் உள்ள பிரதி பெங்களூர் அவென்யூ ரோடில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. முன்பு வைத்திருந்த யாரோ ஒரு மாணவர் பென்சிலால் ஓரங்களில் குறித்திருக்கிறார். பெரும்பாலும் பரீட்சைக்கான அடிக்கோடுகள். ஆனால் குடிமகனுக்கு அரசை எதிர்க்கும் உரிமை உண்டா என்ற விவாதம் வரும் இடத்தில் அடிக்கோடு நின்றுபோய், தமிழில் நுணுக்கி எழுதிய ஒரு கேள்வி வருகிறது: சட்டமே அநியாயமாக இருந்தால்? அதற்குக் கீழே பதில் எழுத இடம் விட்டிருக்கிறார், எழுதவில்லை. உருப்போட்டவன் கேட்கிற கேள்வி இல்லை இது.

அந்த அப்பாதுரை பாடநூலோடு நின்றாரா? 1947இல் தில்லியில் ஆசிய நாடுகளின் உறவு மாநாட்டை நடத்திய இந்திய உலக விவகாரக் கவுன்சிலின் செயலாளர் அவர்தான். 1955இல் தில்லியில் சர்வதேசக் கல்விக்கான இந்தியப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர். பிற்காலத்தில் நவீன இந்திய அரசியல் சிந்தனையின் மூல ஆவணங்களை இரண்டு பெரும் தொகுதிகளாகத் திரட்டித் தந்தார். மேல்நாட்டுச் சிந்தனையாளர்களை மட்டுமே தெரிந்தவர் செய்யும் வேலையா இது?

எம். ரத்தினசாமியை இன்று யாருக்கு நினைவிருக்கிறது? மதராஸ் சட்டசபைத் தலைவராக இருந்தவர். 1932இல் ‘தி மேக்கிங் ஆஃப் தி ஸ்டேட்’ எழுதினார். அரசு என்பது எப்படி உருவாகிறது, படையும் வரியும் சாலையும் கல்வியும் எப்படி அதைக் கட்டுகின்றன என்று பார்த்த புத்தகம். 1942 முதல் 1948 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். 1953இல் பொது நிர்வாகம் பற்றிப் பெரிய நூல் எழுதினார். பிறகு சுதந்திராக் கட்சி, மாநிலங்களவை. அவருடைய கட்சி அரசியலோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் வகுப்பறை, சபை, எழுத்து மூன்றிலும் ஒரே மனிதர் புழங்கியிருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பொது நிர்வாகத்துக்கென்று பட்டயப் படிப்பை மதராஸ் பல்கலைக்கழகம் 1937லேயே தொடங்கிவிட்டது. சுதந்திரம் வருவதற்குப் பத்தாண்டு முன்பே, நாளைக்கு நம் கைக்கு நிர்வாகம் வரும், அதை நடத்தத் தெரிந்த ஆள் வேண்டும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள்.

ஆந்திரப் பல்கலைக்கழகத்திலிருந்து பம்பாய்க்குப் போன எம். வெங்கடரங்கய்யா 1952 பொதுத் தேர்தலைப் பம்பாய் நகரத்தில் வைத்து ஆராய்ந்து அடுத்த ஆண்டே புத்தகமாகக் கொண்டுவந்தார். வயதுவந்த எல்லாருக்கும் வாக்கு என்பது இந்தியாவில் முதல்முறை நடக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கானவர்கள் வாக்களிக்கிறார்கள், உலகமே சந்தேகத்தோடு பார்க்கிறது. அந்த நேரத்தில் ஒரு பேராசிரியர் ஒரு நகரத்தின் தேர்தலை ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்கிறார். வெள்ளைக்காரன் எழுதிக்கொடுத்த பாடத்தில் இப்படி ஒரு அத்தியாயமே கிடையாது.

அதே 1952இல் சென்னையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். மதராஸ் பல்கலைக்கழகத்தில் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் மணிவிழா அறக்கட்டளைச் சொற்பொழிவு. அல்லாடி அரசியலமைப்பு வரைவுக்குழுவில் இருந்தவர். பேச அழைக்கப்பட்டவர் ஐவர் ஜென்னிங்ஸ், இங்கிலாந்தின் பெரிய அரசியலமைப்பு அறிஞர், அப்போது இலங்கைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். அவர் வந்து, இந்திய அரசியலமைப்பு அளவுக்கு மீறி நீளம், அளவுக்கு மீறி இறுக்கம் என்று விமர்சித்தார். அரசியலமைப்புக்கு வயது இரண்டு. எழுதியவர்களில் ஒருவரின் பெயரால் நடக்கும் விழாவிலேயே அதைக் குறை சொல்ல முடிந்தது, அது 1953இல் புத்தகமாகவும் வந்தது. இப்படி ஒரு விவாதத்துக்கு இடம் கொடுத்த பல்கலைக்கழகத்தை ஆமாம்சாமிகளின் பட்டறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜென்னிங்ஸ் பெயர் வந்ததும் இலங்கைத் தமிழர்கள் முகம் மாறும். மாற வேண்டியதுதான். டி. எஸ். சேனநாயக்கவுக்கு ஆலோசகராக இருந்து, இலங்கையின் சோல்பரி அரசியலமைப்புக்கு அடிப்படையான வரைவை ஆக்கியவர் அவர். அதன் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குக் காப்பு என்று சொல்லப்பட்டது. சுதந்திரம் வந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 29ஆம் பிரிவைக் காட்டி வழக்காடியும், 1953இல் பிரிவி கவுன்சில் வரை போயும் பயனில்லை. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1972இல் அந்தப் பிரிவே போய்விட்டது. வகுப்பறை அரசியல் அறிவு ஒரு மக்களைக் காப்பாற்றவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எதிர்த்தரப்பு என்னிடம் இதைச் சொன்னால் நான் தலைகுனிந்து கேட்பேன்.

ஆனால் இதற்கு அடுத்த பக்கத்தையும் படிக்க வேண்டும். அந்த ஏட்டுக் காப்பு எங்கே ஓட்டையாக இருந்தது, எந்தச் சட்டம் எந்த வழியில் நுழைந்தது, எந்த உடன்பாடு எப்படி முறிந்தது என்று உலகத்துக்கு விளங்கும்படி எழுதியவர்களில் முன்னால் நிற்பவர் அ. ஜெயரத்தினம் வில்சன். அதே இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1950களில் அரசியல் விஞ்ஞானம் கற்பித்தவர், இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மருமகன், பிறகு கனடாவில் பேராசிரியர். 1978க்குப் பிறகு சில ஆண்டுகள் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனவுக்கு ஆலோசகராக இருந்து பேச்சுக்கு வழி தேடினார், தோற்றார். ‘தி பிரேக்-அப் ஆஃப் ஸ்ரீலங்கா’ என்று 1988இல் எழுதினார். மேடைப்பேச்சுகள் காற்றில் போயின. வில்சனின் புத்தகங்கள் இன்றும் நூலகங்களில் சாட்சி சொல்கின்றன. நடந்த அநீதியை ஆதாரத்தோடு அடுக்கிவைக்கும் பயிற்சி அவருக்கு எங்கே கிடைத்தது என்று பார்த்தால், விடை எதிர்த்தரப்புக்குச் சாதகமாக இல்லை.

சுயமாகப் படித்த மேதைகளைக் காட்டுவார்கள். சரியான உதாரணங்கள்தான். வெ. சாமிநாத சர்மா கல்லூரிப் பேராசிரியர் இல்லை. பிளேட்டோவையும் ரூசோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். இரங்கூனில் ‘ஜோதி’ நடத்தினார். போர் துரத்த, பர்மாவிலிருந்து நடந்தே வந்தார். பல பேராசிரியர்கள் சேர்ந்து செய்திருக்க வேண்டியதைத் தனியாளாகச் செய்தார். அவர் முன்னால் நான் கைகூப்புகிறேன். ஆனால் அவர் தேர்ந்தெடுத்த நூல்களைப் பாருங்கள்: ‘பிளேட்டோவின் அரசியல்’, ‘சமுதாய ஒப்பந்தம்’. வெள்ளைக்காரன் பாடம் என்று நாம் தள்ளும் பட்டியலில் முதல் வரிசையில் இருப்பவை. அந்தப் பாடம் பயனற்றது என்று சர்மா நினைத்திருந்தால் தன் ஆயுளை அதில் கரைத்திருப்பாரா? கல்லூரிக்குப் போக முடியாத தமிழனுக்கும் அது சேர வேண்டும் என்று நினைத்தார். அவர் நம் கட்சி.

கன்னடத்தில் டி. வி. குண்டப்பாவையும் அப்படித்தான் காட்டுவார்கள். கல்லூரி வாசலை மிதிக்காதவர், பத்திரிகையாளர், ‘ராஜ்யசாஸ்திரம்’ எழுதியவர். அவர் என்ன செய்தார்? 1945இல் பசவனகுடிப் பக்கம் கோகலே பொது விவகார நிலையத்தைக் கட்டினார். நூலகம், படிப்பு வட்டம், விரிவுரை, அரசியல் பேச ஒழுங்கான இடம். ஒரு நல்ல வகுப்பறைக்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும். கூட்டம் போட்டுப் பேசினால் போதும் என்று அவர் நினைக்கவில்லை.

காமராசர்? ஆம், அவர் பள்ளிப்படிப்பையே முடிக்கவில்லை, அவரைப்போல் ஆண்டவர் அரிது. ஆனால் தன் படிக்காமையை ஒரு தகுதியாக அவர் ஒருநாளும் முன்வைத்ததில்லை. ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். பிள்ளைகளுக்குச் சோறு போட்டு உட்காரவைத்தார். அவர் பெயரைச் சொல்லி ஒரு துறையை மூடலாம் என்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

அப்படியானால் அந்தக் காலத்துப் பல்கலைக்கழகங்கள் மேல் குற்றமே இல்லையா? உண்டு. எதிர்த்தரப்பு அதை விட்டுவிட்டு வேறெங்கோ அடிக்கிறது. அவர்கள் சொல்லிக்கொடுத்ததில் குற்றமில்லை. அதை ஆங்கிலத்துக்குள்ளேயே பூட்டிவைத்தார்களே, அதுதான் குற்றம். அப்பாதுரையும் ரத்தினசாமியும் தங்கள் பெரிய நூல்களைத் தமிழில் தரவில்லை. 1954 முதல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு வெளிவரத் தொடங்கிய பிறகும், 1960இல் கோவை அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழி வகுப்பு வந்த பிறகும், ஆட்சி பற்றிய கல்வி தமிழில் ஓடத் தொடங்கவில்லை. வந்த தமிழ்ப் பாடநூல்களில் பல, நாளடைவில் கேள்வி பதில் நோட்ஸாகச் சுருங்கின. உள்ளாட்சிக்குக் கடைசி அத்தியாயம், பரீட்சைக்கு விட்டுவிடலாம் என்று மாணவர் ஒதுக்கும் அத்தியாயம். இதன் விலையை நாம் இன்று கொடுக்கிறோம்.

எப்படிக் கொடுக்கிறோம் என்று காட்ட எங்கள் ஜீவனஹள்ளியே போதும். சென்ற மழைக்காலத்தில் மெயின் ரோடுப் பக்கத்துச் சாக்கடை பொங்கித் தெருவில் ஓடியது. மூலையில் பூக்கட்டி விற்கும் அக்கா கூடையை உயரத்தில் தூக்கிவைத்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று கேட்டார். எம்எல்ஏ ஆபீஸுக்குப் போகச் சொன்னார் பால் பூத்துக்காரர். “எம்எல்ஏ எதுக்குண்ணா சாக்கடைக்கு? கார்ப்பரேட்டர் எங்கே?” என்றார் அக்கா. கார்ப்பரேட்டரே இல்லை, தேர்தல் நடக்கவில்லை என்றேன். “வெக்கலேன்னா? யாரு வெக்கணும்? வெக்காட்டி யாரைக் கேக்கணும்?”

இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்கிறது. 1992இல் நிறைவேறி 1993 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், 243-யு பிரிவில், நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு என்றும் அது முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்தாக வேண்டும் என்றும் சொல்கிறது. பெங்களூர் மாநகராட்சி 2006 முதல் 2010 வரை மன்றம் இல்லாமல் நடந்தது. 2015இல் தேர்ந்தெடுத்த மன்றம் 2020 செப்டம்பரில் முடிந்தது. வார்டு எல்லை, இடஒதுக்கீடு, வழக்கு என்று ஐந்தாண்டு ஓடி, 2025 செப்டம்பரில் மாநகராட்சியே ஐந்தாகப் பிரிந்தது, தேர்தல் மட்டும் நடக்காமல். அதுவரை ஆண்டது அரசு அமர்த்திய நிர்வாக அதிகாரி. சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கும் 2016 முதல் 2022 வரை மன்றம் இல்லை. ரெசிடெண்ட் ஆண்ட தண்டில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் மறுபடியும் பிரதிநிதி இல்லாமல் வரி கட்டுகிறார்கள். இது ஏன் ஊரைக் கொதிக்கவைக்கவில்லை? நம் மேடைகள் ஒரு நாளும் குறையவில்லை. கொடி குறையவில்லை, பிளெக்ஸ் குறையவில்லை. 243-யு என்று ஒன்று இருப்பது தெரிந்தவர்கள்தான் குறைந்துவிட்டார்கள். பூக்கடை அக்காவின் கேள்வி ஒரு ஆனர்ஸ் வினாத்தாளில் வந்திருக்கக்கூடிய கேள்வி. அவருக்குப் பதில் சொல்லத் தெருவில் ஆள் இல்லை.

ஆகவே நான் கேட்பது துறையை மூடுவதற்கு நேர் எதிரானது. பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள அரசியல் அறிவியல் துறைகள் மாலை நேரத்தில் தமிழிலும் கன்னடத்திலும் வகுப்பு நடத்தட்டும், பட்டம் வேண்டாதவர்களுக்கும் சேர்த்து. எங்கள் பகுதியில் இடத்துக்குப் பஞ்சமில்லை, பள்ளிக்கூடங்கள் ஆறு மணிக்கு மேல் காலியாகத்தான் கிடக்கின்றன. உள்ளாட்சி அத்தியாயம் கடைசியிலிருந்து முதலுக்கு வரட்டும். மாநகராட்சி பட்ஜெட்டை வாசிப்பது எப்படி, வார்டு கமிட்டிக்கு என்ன அதிகாரம், தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுவது எப்படி என்று தொடங்கி, பிறகு லாக்கும் ரூசோவும் வரட்டும். சர்மாவின் தமிழ் இருக்கிறது, அதையே பாடமாக வைக்கலாம். அடுத்த மாநகராட்சித் தேர்தல் அறிவிக்கப்படும் நாளில், வெங்கடரங்கய்யா பம்பாய்த் தேர்தலுக்குச் செய்ததை மாணவர்கள் தங்கள் வார்டுக்குச் செய்யட்டும். யார் நின்றார்கள், என்ன வாக்குறுதி தந்தார்கள், எவ்வளவு செலவு செய்தார்கள், எந்தத் தெருவில் யார் ஏன் வாக்களிக்கவில்லை என்று நடந்து கேட்டு எழுதட்டும். எழுதுவதைத் தமிழிலேயே எழுதட்டும்.